ஓடுகின்ற மெஷினை மாற்றலாமா?

கடந்த மாதம் ஹாலிஎலவிலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். சிறிய சீ.என்.சீ. மெஷின் ஒன்றை வைத்து, கதவுப் பலகைகளில் பூவேலையும் கடைகளுக்குப் பெயர்ப்பலகைகளும் வெட்டிக் கொடுப்பவர். “நானா, எங்கட மெஷின் மாக் 3இல் ஓடுகிறது. மாக் 4க்கு மாறட்டுமா?” என்று கேட்டார். “மாறினால் உங்களுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும்?” என்று திருப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை.

இது நான் காசு கொடுத்துப் படித்த பாடம். என் மருமகனோடு பங்கு சேர்ந்து இப்படியொரு மெஷின் வைத்திருந்தேன். ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர்ப்பலகை ஓடர் கையில் இருந்தபோது, பழைய கம்பியூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று புதியது வாங்கினோம். “எல்லாம் வேலை செய்யும்” என்றார் விற்றவர். வீட்டில் வைத்துப் பார்த்தால் மெஷினின் வயரைச் செருகவே இடமில்லை. பத்து நாள் மெஷின் நின்றது. ஓடர் பண்டாரவளைக்குப் போய்விட்டது.

காரணம் இதுதான். மாக் 3, மோட்டாருக்கான சைகைகளைப் பழைய பிரிண்டர் போர்ட் வழியாகவே நேரடியாக அனுப்பும். அந்த முறை 32 பிட் விண்டோஸில் மாத்திரமே வேலை செய்யும். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கானதை 2025 ஒக்டோபரிலும் நிறுத்தியது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே நமது உண்மையான கவலை மென்பொருள் அல்ல. அந்தப் பழைய கம்பியூட்டர் பழுதானால் என்ன செய்வது என்பதே.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, யூ.எஸ்.பீ. அல்லது ஈதர்நெட் கட்டுப்பாட்டு அட்டை ஒன்றைப் பூட்டுவது. சைகைகளை அட்டையே உருவாக்குவதால் மாக் 3 புதிய 64 பிட் கம்பியூட்டரிலும் ஓடும். பலருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, மாக் 4. இது புதிதாக எழுதப்பட்டது. மாக் 3இன் வளர்ச்சி நின்றுவிட்டதால் எதிர்காலம் இதற்குத்தான். ஆனால் உரிமம் ஒரு கம்பியூட்டரோடு கட்டப்பட்டது. பழைய மெக்ரோக்களை லூவா மொழியில் திரும்ப எழுத வேண்டும். மலிவான அட்டைகள் பல மாக் 3க்கு மட்டுமே பொருந்துவன, வாங்குமுன் கேளுங்கள்.

மூன்றாவது, இலவசமான லினக்ஸ் சீ.என்.சீ. பிரிண்டர் போர்ட்டுள்ள பழைய கம்பியூட்டரிலும் நன்றாக ஓடும். படித்துக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது டொலரில் கட்டும் உரிமப் பணத்தை மட்டும் எழுதாதீர்கள். மெஷின் நிற்கும் நாட்கள், வீணாகும் பலகை, பழகும்வரை தாமதமாகும் ஓடர்கள் எல்லாவற்றையும் சேருங்கள். 2022இல் மின்வெட்டு நேரத்தில் பாதி வெட்டிய பலகைகளைக் குப்பையில் போட்டோம். அதற்கு மருந்து மாக் 4 அல்ல, ஒரு யூ.பீ.எஸ்.

மாறத்தான் வேண்டுமென்றால் ஓடர் குறைந்த மாதத்தில் மாறுங்கள். பழைய அளவுகளையெல்லாம் கொப்பியில் எழுதி, மாக் 3இன் அமைப்புக் கோப்பைப் பென் டிரைவில் பிரதியெடுங்கள். முதலில் கழிவுப் பலகையில் வெட்டிப் பாருங்கள். புதியது ஒரு மாதம் பிழையின்றி ஓடும்வரை பழைய கம்பியூட்டரை விற்காதீர்கள்.

அந்தத் தம்பி இப்போதைக்கு மாறவில்லை. ஒரு யூ.பீ.எஸ். வாங்கினார். கட்டுப்பாட்டு அட்டைக்குக் காசு சேர்க்கிறார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.