கை நடுங்காதவருக்கு நகப்பிடி எதற்கு?

பதினெட்டுக் குழிகள் – 11

1966. ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில், ஃபயர்ஸ்டோன் மைதானத்தில் பி.ஜி.ஏ. கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. சாம் ஸ்னீடுக்கு வயது 54. நீண்ட அடிகளில் அவர் ஸ்விங்கைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் பின்னால் போகும். கிரீனுக்கு வந்துவிட்டால் கதை வேறு. குழிக்கு இரண்டடி இருக்கும்போது அந்தக் கை உதறும். அன்று அவர் ஒரு காரியம் செய்தார். பந்திலிருந்து குழிக்குப் போகும் கோட்டின் இருபுறமும் காலை அகட்டி, குழியை நேருக்கு நேர் பார்த்து நின்று, மட்டையை இரண்டு கால்களுக்கும் நடுவே ஊசல்போல ஆட்டி உருட்டினார். குரோக்கே ஆட்டத்தில் அடிப்பார்களே, அப்படி. ஆறாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டு முடித்தார்.

அடுத்த ஆண்டு அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியிலும் அதே கோலம். அந்த மைதானத்தை உருவாக்கிய பாபி ஜோன்ஸுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1968 ஜனவரி முதல், கோட்டின் குறுக்கே கால் அகட்டி நின்று உருட்டக் கூடாது என்று விதி வந்தது. ஸ்னீட் அசரவில்லை. இரண்டு கால்களையும் கோட்டின் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, முகம் மட்டும் குழியைப் பார்க்க, குதிரையில் பக்கவாட்டில் உட்கார்ந்தவர்போல் நின்று உருட்ட ஆரம்பித்தார். 1974 பி.ஜி.ஏ.வில் மூன்றாமிடத்தைப் பகிர்ந்தபோது அவருக்கு 62 வயது. முன்னால் இருந்தவர்கள் இரண்டே பேர்: லீ ட்ரெவினோ, ஜாக் நிக்லஸ்.

இந்தக் கதையை நம் வார இறுதி ஆட்டக்காரர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கோணலாக நின்றார், பந்து விழுந்தது என்பது வரைதான் மனத்தில் நிற்கிறது. கை உதறியதால்தான் கோணலாக நின்றார் என்பது மறந்துவிடுகிறது.

அந்த உதறலுக்கு யிப்ஸ் என்று பெயர். டாமி ஆர்மர் என்ற பழைய சாம்பியன் பிரபலமாக்கிய சொல். சிலருக்கு இது வெறும் பதற்றம். சிலருக்கு நரம்புக் கோளாறு. வயலின் வாசிப்பவருக்கும் நாள் முழுக்க எழுதுகிறவருக்கும் அந்த ஒரு வேலையின்போது மட்டும் விரல் இழுத்துக்கொள்ளுமே, அந்த ரகம். ஆயிரம் தடவை செய்து பழகிய அசைவுதான் கெட்டுப்போகிறது. ஆகவே பிடியையோ நிற்கும் விதத்தையோ முழுக்க மாற்றி, உடம்புக்கு இது வேறு வேலை என்று போக்குக் காட்டினால் சிலருக்கு உதறல் விலகிவிடும். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் மட்டையின் கைப்பிடியை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடித்தது இதற்குத்தான். முறிந்த கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதுபோல இருக்கும். லூகஸ் குளோவர் பல வருடம் யிப்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு, 2023-இல் துடைப்பக் கட்டை நீளத்துக்கு ஒரு பட்டரை எடுத்தார். (பட்டர் என்றதும் கோயில் நினைவு வருகிறது என்று சென்ற வாரம் ஒரு நண்பர் சொன்னார். இது மட்டை, ஐயா.) அந்த ஆகஸ்டில் அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் இரண்டு பட்டங்கள்.

அந்த நீள மட்டையை முன்பு நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றியே ஆடலாம். 2011-இல் கீகன் பிராட்லி, 2013 மாஸ்டர்ஸில் ஆடம் ஸ்காட் என்று வரிசையாகப் பெரிய பட்டங்கள் விழுந்ததும் சர்ச்சை முற்றியது. 2016 ஜனவரி முதல் ஊன்றுவதற்குத் தடை. மட்டை நீளமாக இருக்கலாம், உடம்பில் முட்டுக்கொடுக்கக் கூடாது.

சரி, நாம் என்ன செய்வது? நானே செய்து பார்த்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். செர்ஜியோ கார்சியா 2017-இல் நகப்பிடியோடு மாஸ்டர்ஸ் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு நானும் அதற்கு மாறினேன். வலது உள்ளங்கை மட்டையைப் பற்றாது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் பறவை நகம்போல மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நாலடி, ஐந்தடி பந்துகள் ஒழுங்காகத்தான் போயின. நாற்பதடியிலிருந்து உருட்டினால் ஒன்று பாதி வழியில் படுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கிரீனைத் தாண்டிப் போகும். மூன்று மாதம் பொறுத்த என் கேடி ஒருநாள் கேட்டார்: “சார், உங்களுக்குக் கை நடுங்குதா?” இல்லை என்றேன். “அப்புறம் எதுக்கு சார் இது?”

அவர் கேட்டதில் இந்தக் கட்டுரை முழுதும் அடங்கிவிட்டது. நகப்பிடி வலது கையின் குறும்பை அடக்குகிறது. ஆனால் தூரத்தை உணர்வதும் அதே வலது கைதான். உலகின் முதல்நிலை வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 கடைசியில் நகப்பிடிக்கு வந்தபோது அதைக் கிட்டத்துப் பந்துகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். தூரத்திலிருந்து உருட்ட இன்றும் பழைய பிடிதான். நகல் எடுக்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

எட்டடியிலிருந்து தொழில்முறை வீரர்களே ஏறக்குறைய பாதிப் பந்துகளைத் தவறவிடுகிறார்கள். நாம் மூன்று தடவை உருட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பந்து அல்ல, முதல் பந்தை எட்டடி தள்ளி நிறுத்தியதுதான். வேகமும் இதில் சேர்ந்துகொள்கிறது. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். மெல்ல வந்து சேரும் பந்துக்கு அத்தனையும் வாசல். விரைந்து வரும் பந்து ஓரத்தில் பட்டால் சுற்றிவிட்டு வெளியே போய்விடும்.

கையோடு பூட்டி ஆடும் பிரைசன் டிஷாம்போ பாணியைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். 2020 யு.எஸ். ஓபனை அவர் அப்படித்தான் ஜெயித்தார். அதற்கு மட்டை நீளமாக இருக்க வேண்டும், முகப்பின் சாய்வும் கூடுதலாக இருக்க வேண்டும். உங்கள் சாதாரண மட்டையை முன்கையில் சாய்த்து அழுத்தினால் முகப்பு கவிழ்ந்து பந்தைத் தரையில் அமுக்கும். பந்து குதித்துக் குதித்து ஓடும். மிஷெல் வீ இடுப்பை மேசைபோல மடக்கி நின்று 2014 யு.எஸ். மகளிர் ஓபன் வென்றார். அவர் ஆறடி உயரம், அப்போது வயது 24. ஐம்பதைத் தாண்டிய வாசகர்கள் முதுகை நினைத்துக்கொள்ளவும்.

இருப்பதில் சாதுவானது இடது கையைக் கீழே வைக்கும் பிடி. ஜிம் ஃப்யூரிக் சிறுவயதிலிருந்தே அப்படித்தான். ஜோர்டன் ஸ்பீத் 2015-இல் இரண்டு பெரிய பட்டங்களை அந்தப் பிடியோடு எடுத்தார். வலக்கைக்காரருக்குத் தாழ்ந்து நிற்கும் வலது தோள் இதில் சமமாகிவிடும். புது மட்டை வாங்கவும் வேண்டாம். மைதானத்துக்குப் போகும் முன் பயிற்சி கிரீனில் ஒரு மாதம் பழகுங்கள், போதும்.

ஸ்னீட்போல முதல் கோலத்தில் கால் அகட்டி நிற்கும் ஆசை மட்டும் வேண்டாம். உங்கள் கிளப் போட்டியிலும் அதற்கு இரண்டு அடி தண்டம். மேட்ச் ப்ளே என்றால் அந்தக் குழியே எதிராளிக்கு.

எதை மாற்றுவதற்கு முன்னும், அடுத்த நான்கு ஆட்டங்களில் முப்பதடிக்கு மேலிருந்து நீங்கள் உருட்டும் முதல் பந்து ஒவ்வொன்றும் குழியிலிருந்து எத்தனை அடியில் நின்றது என்று ஸ்கோர் அட்டையின் ஓரத்தில் குறித்து, எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் மணல் பள்ளத்தில் இறங்குவோம்.