காவிரியின் திமில் மீன்

1946-இல் கபினி ஆற்றில் மைசூர்க்காரர் வான் இங்கன் தூண்டிலில் இழுத்துப்போட்ட மஹ்சீரின் எடை 120 பவுண்டு. ஏறக்குறைய 54 கிலோ! தலைக்குப் பின்னால் காளைக்கு இருப்பதுபோல் ஒரு திமில், செம்மஞ்சள் துடுப்புகள். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இந்தத் திமில் மஹ்சீர் கிடையாது.

இத்தனை புகழ் இருந்தும் இது இன்ன இனம் என்று உறுதியானது 2018-இல்தான். கேரளத்தின் சின்னாறு சரணாலயத்தில் ஓடி நம் அமராவதியில் சேரும் பாம்பாற்றில் ஒரு மஹ்சீரைக் கண்டு, சென்னையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றே என்று மரபணு காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில், அழியும் உயிரினங்களுக்கான சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களோடு சேர்த்தார்கள். பெயர் வைத்த அன்றே பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த கதை.

அணை, மணல் கொள்ளை, வெடி போட்டு மீன் பிடிப்பது எல்லாம் தெரிந்த காரணங்கள்தான். தெரியாத காரணம், நல்லெண்ணம். 1970-களில் தொடங்கி, மஹாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீர்களைக் காவிரியில் விட்டார்கள். அது வேறு ஆற்றின் மீன். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவேடுகளைப் புரட்டினால், வந்தது பெருகப் பெருக வீட்டுக்காரன் தேய்ந்தது தெரிகிறது. மஹ்சீர் இனங்கள் ஒன்றோடொன்று கலக்கவும் கூடியவை. லோனாவாலாவிலேயே கலப்பினக் குஞ்சு எடுத்திருக்கிறார்கள்.

சரி, சொந்த ஆற்று மீனின் குஞ்சுகளையே பொரிக்கவைத்து ஆற்றில் விட்டால்? அதிலும் சூட்சுமம் இருக்கிறது. சினை முற்றிய பெட்டையை ஈரத்துணியில் பிடித்து வயிற்றை வால் பக்கமாக நீவினால் முட்டைகள் மஞ்சள் மணிகளாகத் தட்டில் கொட்டும். ஆணின் விந்தை அதன்மேல் பீச்சி இறகால் கலக்குவார்கள். நாலைந்து தாய்மீன் போதும், தொட்டிகள் நிரம்பிவிடும். ஆனால் அத்தனையும் நாலைந்து குடும்பத்து உடன்பிறப்புகள்! நாளை ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றுபோல மாளக்கூடும். பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் ஊற்றினாலும், வேகமான ஒன்று பெரும்பாலான முட்டைகளைத் தட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே முட்டைகளைப் பங்கு பிரித்து, பங்குக்கு ஓர் ஆண் என்று சேர்க்க வேண்டும். எது எதற்கு உறவு என்பதைத் துடுப்பின் நகக்கண் அளவுத் துணுக்கே ஆய்வகத்தில் சொல்லிவிடும். வெட்டிய இடம் வளர்ந்துவிடும். செலவு பிடிக்கும், மெதுவாகத்தான் நடக்கும். விழா எடுக்க உதவாது.

திமில் மஹ்சீர் இன்னும் பிழைத்திருக்கும் இடங்களில் ஒன்று, நம் நீலகிரி அடிவாரத்து மாயாறு. ஆற்றில் ஆயிரக்கணக்கில் குஞ்சு விடும் படம் இனி நாளிதழில் வந்தால், எந்த ஆற்றுத் தாய், மொத்தம் எத்தனை தாய் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.