ஜவ்வாது மலைச் சுற்றுலா: அரசுகளின் பங்கும் மலை மக்களின் நிலையும்

ஜவ்வாது மலை (சவ்வாது மலை என்றும் எழுதப்படும்) கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்குப் பெயர் பெற்ற இடம் அல்ல. ஆனால் ஒரு நாட்டின் அரசு சுற்றுலாவை எப்படி நிர்வகிக்கிறது, எப்படி வளர்க்கிறது என்று அறிய விரும்புபவருக்குப் புகழ் பெற்ற தலத்தைவிட இந்த மலையே அதிகம் சொல்லித் தரும். இங்கே பார்க்கத் தகுந்த ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையின் கையில் உள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை சுற்றுலாத் துறைக்குச் சொந்தமானவை அல்ல.

மலையும் மக்களும்

மலைத்தொடர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. பாலாற்றின் துணையாறான செய்யாறு இங்கே உற்பத்தியாகிறது. கமண்டல நாகநதியும் இம்மலையிலிருந்தே இறங்குகிறது. மலைமேல் உள்ள முதன்மையான ஊர் ஜமுனாமரத்தூர். இது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. போளூரிலிருந்தும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவும் இங்கே வரலாம். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு ஆகியவை திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற ஊராட்சிகள் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னரே மலை மூன்று ஆட்சியர்களின் நிர்வாகத்தின் கீழ் வந்தது.

மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் ஒன்றாக இருந்தாலும் கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதே இங்கு அதன் பொருள். இவர்களின் தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடம் வழங்கிவரும் மரபுக் கதை. சாமை, கேழ்வரகு ஆகியவை முக்கியப் பயிர்கள். தேன், புளி, பலா, சீத்தாப்பழம் ஆகியவையும் சந்தைக்கு வருகின்றன. ஒருகாலத்தில் இம்மலை சந்தன மரத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தன மரக் கிடங்கு அமைந்ததற்கும் அதுவே காரணம்.

மானாவாரிச் சாகுபடி ஆண்டு முழுவதும் வேலை தராததால் ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். இப்படிப் போகும் வழியில் இடைத்தரகர்களிடம் சிக்கிச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் அம்மாநிலச் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். மலையிலேயே கிடைக்கும் ஒரு வருமானம் இங்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். சுற்றுலா அத்தகைய வருமானமாக இருக்க முடியும், பணம் மலைவாசிகளின் கைக்கு வந்து சேருமானால்.

ஒன்றிய அரசு என்ன செய்கிறது?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சுற்றுலா என்ற தனிப் பதிவு ஒன்றியப் பட்டியலிலும் இல்லை, மாநிலப் பட்டியலிலும் இல்லை, பொதுப் பட்டியலிலும் இல்லை. உள்நாட்டுப் புனித யாத்திரைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. நிலமும் மாநிலத்துக்கே. காடும் வன விலங்குப் பாதுகாப்பும் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாறின. ஆக, சுற்றுலா எந்தப் பட்டியலிலும் இல்லாமலே எல்லாப் பட்டியல்களையும் தொட்டு நிற்கிறது.

சுற்றுலா குறித்து ஆராய 1945-இல் சர் ஜான் சார்ஜண்ட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1949-இல் போக்குவரத்து அமைச்சகத்தில் சுற்றுலாவுக்கென ஒரு பிரிவு தோன்றியது. அது 1958-இல் தனித் துறையாயிற்று. 1966-இல் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. முதல் தேசிய சுற்றுலாக் கொள்கை 1982-இலும் அடுத்தது 2002-இலும் வெளிவந்தன. வெளிநாட்டினரை ஈர்க்கும் 'இன்கிரெடிபிள் இந்தியா' விளம்பர இயக்கமும் 2002-இல் தொடங்கியதே. விசா, விமான நிலையம், இரயில், வெளிநாட்டு விளம்பரம், விடுதிகளுக்கு நட்சத்திரத் தகுதி வழங்குதல் ஆகியவை ஒன்றிய அரசு நேரடியாகச் செய்பவை.

மற்றபடி ஒன்றிய அரசின் கையில் இருக்கும் பெரிய கருவி நிதி. 2014-15-இல் கொண்டுவரப்பட்ட 'சுவதேஷ் தர்ஷன்' திட்டத்தில் கடற்கரை, பழங்குடி, சூழலியல் போன்ற கருப்பொருள்களின் அடிப்படையில் சுற்றுலாப் பாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கட்டுமானச் செலவு முழுவதும் ஒன்றிய அரசுடையது. கட்டியதைப் பராமரிப்பது மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது சென்னை, மாமல்லபுரம், இராமேசுவரம், மணப்பாடு, கன்னியாகுமரியை இணைக்கும் கடற்கரைப் பாதை. வழிபாட்டுத் தலங்களுக்கான 'பிரசாத்' திட்டத்தில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் சேர்ந்தன. பின்னர் வந்த 'சுவதேஷ் தர்ஷன் 2.0' மாமல்லபுரத்தையும் நீலகிரியையும் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே பெயர் பெற்ற இடங்களுக்கே தேசியப் பணம் முதலில் போகிறது என்பதை இந்தப் பட்டியலைப் பார்த்தாலே அறியலாம். அதில் ஒரு நியாயமும் உண்டு: வெளிநாட்டுப் பயணி மாமல்லபுரத்துக்கு வருவார், ஜமுனாமரத்தூருக்கு வருவது அரிது.

ஜவ்வாது மலை போன்ற இடங்களுக்குப் பொருந்தும் ஒரு திட்டம் அண்மையில்தான் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பழங்குடிக் கிராம மேம்பாட்டு இயக்கத்தின் ஒரு பகுதியாக, நாடு முழுவதும் பழங்குடியினர் வீடுகளில் 1,000 ஹோம்ஸ்டேக்களை உருவாக்குவது சுற்றுலா அமைச்சகத்தின் இலக்கு. புதிதாக அறை கட்ட ரூ.5 லட்சம் வரையும், இருக்கும் அறையைச் சீரமைக்க ரூ.3 லட்சம் வரையும், கிராமத்தின் பொதுத் தேவைக்கு ரூ.5 லட்சம் வரையும் இதில் உதவி உண்டு. தொகை பெரிதல்ல. ஆனால் பயணி தங்கும் கட்டணம் நேராக வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும் வகையில் வகுக்கப்பட்ட சில திட்டங்களில் இதுவும் ஒன்று.

மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும்

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தொடங்கப்பட்டது. விடுதிகளையும் படகுக் குழாம்களையும் நடத்துவது அதன் பணி. கொள்கை வகுப்பதும் விளம்பரமும் சுற்றுலாத் துறையின் வேலை. உள்நாட்டுப் பயணிகள் வருகையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடம் பெற்றிருந்தது. அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி கோயில்களுக்கு வருவது. 2023-இல் வெளியிடப்பட்ட மாநில சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி அளித்தது. சூழலியல் சுற்றுலா, சாகசச் சுற்றுலா, ஊரகச் சுற்றுலா ஆகியவற்றை வளர்க்கவும் வழி சொன்னது.

மலையில் இதன் கண்கூடான வடிவம் ஜமுனாமரத்தூரில் நடத்தப்படும் கோடை விழா. மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் இணைந்து நடத்தும் இவ்விழாவில் பல துறைகளின் அரங்குகள், மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள் இடம்பெறும். நலத்திட்ட உதவிகளும் அங்கேயே வழங்கப்படும். மற்ற நாட்களில் வருபவர்கள் கோமுட்டேரியில் படகு சவாரி செய்வார்கள், பீமன் நீர்வீழ்ச்சியைப் பார்ப்பார்கள், மாலையில் இறங்கிவிடுவார்கள். வேலூரும் திருவண்ணாமலையும் அருகில் இருப்பதால் இரவு தங்க வேண்டிய அவசியம் குறைவு. சாப்பாட்டையும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் குடும்பம் மலையில் செலவழிப்பது படகுக் கட்டணமும் தேநீருக்கான காசும்தான். வருகையாளர் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சுற்றுலாவின் வெற்றியை அளக்கும் பழக்கம் இங்கே தவறான கணக்கையே தரும்.

சாலை இன்னொரு சிக்கல். மலைச் சாலை நெடுஞ்சாலைத் துறை அல்லது ஊரக வளர்ச்சித் துறையின் பணி. அது காட்டுக்குள் போகுமானால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடியவில்லை. குழந்தை இறந்த பின் உடலையும் நல்ல சாலை இல்லாததால் தாய் கையில் சுமந்து நடக்க வேண்டியதாயிற்று. அச்செய்தி மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. நீர்வீழ்ச்சிக்குப் போகும் பாதைக்குச் சுற்றுலா நிதி உண்டு. பயணிகள் எவரும் போகாத குக்கிராமத்தின் பாதை வேறு துறையின் வேறு வரிசையில் காத்திருக்கிறது.

காடும் நிலமும்

நீர்வீழ்ச்சிகளும் மலையேற்றப் பாதைகளும் பெரும்பாலும் காப்புக் காடுகளில் அமைந்தவை. அங்கே வனத்துறையின் சொல்லே செல்லும். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் உள்ள அமிர்தி வன உயிரியல் பூங்காவும் வனத்துறையுடையது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகள் முறைப்படி திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்பது இதன் முறை. காட்டை அறிந்தவருக்கே அதைக் காட்டும் வேலையும் கிடைக்கிறது.

வன உரிமைச் சட்டம், 2006 காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடியினரின் தனிநபர் உரிமையையும் சமூக உரிமையையும் அங்கீகரிக்கிறது. கிராம சபைக்கு முக்கிய இடம் தருகிறது. இன்னொரு பக்கம், வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், வனச் செயல்திட்டத்தில் இடம்பெறும் சூழலியல் சுற்றுலா வசதிகளை 'வனமல்லாத பயன்பாடு' என்ற வரையறையிலிருந்து விலக்கியது. அதாவது அத்தகைய வசதிகளுக்குக் காட்டு நிலத்தைப் பயன்படுத்துவது முன்பைவிட எளிதாகியுள்ளது. இவ்விரு சட்டங்களும் ஒரே காட்டில் சந்திக்கும் இடம் மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டிய ஒன்று.

பட்டா நிலத்தின் கதை வேறு. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் நாட்டில் பத்து மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. எனவே அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டின் சட்டம் வழங்கிய சிறப்பு அதிகாரங்கள் ஜவ்வாது மலைக்குப் பொருந்தா. சுற்றுலா வளர்ந்தால் நிலத்தின் விலை ஏறும், வெளியார் வாங்க வருவார்கள். மலையாளிகளே வாழ்ந்த அருகிலுள்ள ஏலகிரியில் இன்று ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கின்றன. நிலத்தை விற்றவர் அதே இடத்தில் காவலாளியாகவோ தோட்டக்காரராகவோ வேலைக்குச் சேர்வது மலைவாசத் தலங்கள் பலவற்றில் காணும் காட்சி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நெரிசல் முற்றி, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கை அங்கே கடைசியில் போட்டார்கள். ஜவ்வாது மலையில் அதை முதலிலேயே போட இன்னும் காலம் இருக்கிறது.

காவலூரின் இருட்டு

மலையின் மிகச் சிறப்பான இடம் சுற்றுலாவுக்காக உருவானதல்ல. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை நடத்துகிறது. நகர வெளிச்சம் எட்டாத வானமும், தென் வானத்தையும் வட வானத்தையும் பார்க்க ஏதுவான இருப்பிடமும் இருந்ததால் வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். யுரேனஸ் கோளின் வளையங்களை வெளிப்படுத்திய 1977-ஆம் ஆண்டு நோக்குகளில் காவலூருக்கும் பங்குண்டு. 1988-இல் இங்கு கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். வைணு பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். சனிக்கிழமைகளில் பொதுமக்கள் ஆய்வகத்தைப் பார்வையிடலாம்.

இவ்வாய்வகத்தின் மூலதனம் இருட்டு. ரிசார்ட்டின் வண்ண விளக்கு, மலைச் சாலையின் உயர்கோபுர விளக்கு, விழா மேடையின் ஒளிக்கற்றை ஆகியவை எல்லாம் அதைக் கரைக்கும். இதே நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில் நடத்தும் ஆய்வகத்தைச் சுற்றி 2022-இல் நாட்டின் முதல் இருள்வானக் காப்பகம் உருவாக்கப்பட்டது. லடாக் நிர்வாகமும் மலை வளர்ச்சி மன்றமும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. ஊர் விளக்குகளுக்கு மறைப்பு போடப்பட்டது. கிராமத்து இளைஞர்களுக்கு வானைக் காட்டும் பயிற்சியும் தொலைநோக்கிகளும் தரப்பட்டன. வானம் பார்க்க வரும் பயணி இரவு தங்கியே ஆக வேண்டும் என்பதால் வீடுகளில் ஹோம்ஸ்டே வருமானமும் வந்தது. தமிழ்நாட்டில் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்க மாநில அரசு அறிவித்திருக்கிறது.

காவலூரில் அப்படி ஒன்றைச் செய்யப் பெருந்தொகை தேவையில்லை. கீழ்நோக்கி மட்டும் ஒளி வீசும் விளக்குகளும், நள்ளிரவுக்குப் பின் அவற்றை மங்கலாக்கும் ஏற்பாடும் போதும். ஆனால் தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. சாலை விளக்கு நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. காட்டோர விடுதிகள் வனத்துறையையும் கேட்க வேண்டும், விளம்பரம் சுற்றுலாத் துறையிடம் இருக்கிறது, தொலைநோக்கி பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றிய அரசு நிறுவனத்துடையது. ஆய்வகம் திருப்பத்தூர் மாவட்டத்தில் நிற்கிறது. கோடை விழா நடக்கும் ஜமுனாமரத்தூர் அடுத்த மாவட்டம்.