கிரகணமா காரணம்? பிறவிப் பெருமச்சம் பற்றிச் சில குறிப்புகள்

சித்தி மகளுக்குப் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு முழுக்கக் கறுப்பு, அதன் மேல் மெல்லிய முடி. கைகால்களில் மிளகு தூவினாற்போலச் சின்னப் புள்ளிகள். பார்க்க வந்த ஒரு பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியாடி?" தங்கச்சி அழுத அழுகையில்தான் நான் இதைப் படிக்க உட்கார்ந்தேன்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கரு வளரும்போது நிறமி தரும் மெலனோசைட் செல்களின் முன்னோடிச் செல் ஒன்றில் ஒரு மரபணுப் பிழை நேர்கிறது. பெரும்பாலும் என்ஆர்ஏஎஸ் என்ற மரபணுவில். அந்த ஒரு செல்லின் வாரிசுகள்தான் அந்தக் கறுப்பு முழுவதும். 2013-ல் லண்டன் மருத்துவர் வெரோனிகா கின்ஸ்லர் குழு, ஒரே குழந்தையின் மச்சத்திலும் மூளைப் பாதிப்பிலும் இதே பிழையைக் கண்டது. ரத்தத்தில் அது இல்லை. அதாவது அம்மா, அப்பா வழியாக வந்ததல்ல. சாப்பாட்டாலும் வரவில்லை.

சின்னப் பிறவி மச்சம் நூறில் ஒரு குழந்தைக்கு உண்டு. இந்தப் பெரிய வகை சுமார் 20,000 பிறப்புகளில் ஒன்று. வளர்ந்த பிறகு 20 செ.மீ. தாண்டுமா என்பதுதான் கணக்கு. உடம்பு மச்சம் ஏறக்குறைய 3 மடங்கு நீளும், ஆகவே பச்சைக் குழந்தையின் முதுகில் 7 செ.மீ. இருந்தாலே பெரியதுதான்.

முதலில் பார்த்த டாக்டர் "மங்கோலியன் ஸ்பாட், தானா மறைஞ்சிடும்" என்று அனுப்பிவிட்டார். அது நம் குழந்தைகளிடம் சகஜம்தான். ஆனால் அது நீலச்சாம்பல் நிறம், தட்டையாக இருக்கும், முடி இருக்காது. இங்கே மூன்றுமே பொருந்தவில்லை. விரலால் தடவிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்!

இந்தத் தாமதம் ஏன் முக்கியம்? அதே செல்கள் மூளை, தண்டுவட உறைகளிலும் தங்கியிருக்கலாம். வலிப்பு, மூளையில் நீர் கோர்ப்பது எல்லாம் வர வாய்ப்புண்டு. பிறக்கும்போதே ஒன்றுக்கு மேல் மச்சம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள், அதுவும் முதல் 6 மாதத்துக்குள். மயலின் உறை முற்றிய பிறகு மெலனின் படத்தில் சரியாகத் தெரியாது. முதல் சில வாரங்களில் என்றால் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்தே எடுத்துவிடலாம். எங்கள் குழந்தைக்கு நாலாம் மாசம் மயக்க மருந்து கொடுத்து எடுத்தோம். மூளை சுத்தமாக இருந்தது.

அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் வீட்டில் சண்டை. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தைக்கலாம். பக்கத்துத் தோலுக்கு அடியில் பலூன் வைத்து விரித்து மூடலாம். ஆனால் "வெட்டிட்டா கேன்சர் வராதுல்ல?" என்ற மாமியார் கேள்விக்கு "வராது" என்று சொல்ல முடியாது. மெலனோமா அபாயம் சில சதவீதம். செல்கள் ஆழத்திலும் இருப்பதால் தோலை எடுத்தாலும் அது முழுதாகப் போகாது. வெட்டினால் கிடைப்பது பெரும்பாலும் தோற்ற மாற்றம், கூடவே தழும்பு. முதுகு சட்டைக்குள் இருப்பது, எனக்கென்னவோ காத்திருக்கலாம் என்றுதான் படுகிறது.

இப்போதைக்கு அந்தத் தோல் வறண்டு அரிக்கிறது. தங்கச்சி தினமும் குளிப்பாட்டியதும் மாய்ஸ்சரைசர் தடவுகிறாள். புதுசாகக் கட்டி தடிக்கிறதா என்று விரலால் பார்க்கிறாள். மாசம் ஒரு போட்டோ, பக்கத்தில் ஸ்கேல் வைத்து.