கையில் ஒரு மணி நேரம்தானா? சாஃப்ட்பால் பயிற்சிக்கு அது போதும்!

மாலை 4.45 மணி. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மாணவிகள், 3 பேட், 6 பந்து. கையுறை பாதிப் பேருக்குத்தான் இருக்கிறது. பி.இ.டி. மிஸ் பந்து போடுகிறார், ஒரு மாணவி அடிக்கிறாள், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் நிற்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் முறை வருவதற்குள் வெளிச்சம் குறைந்துவிடுகிறது. "நாளைக்குப் பார்த்துக்கலாம், கிளம்புங்க" என்று விசில் அடிக்கிறது.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பார்: "இன்னைக்கு என்ன விளையாண்டே?" அதற்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது. இப்படி நாலு வாரம் போனால், ஐந்தாவது வாரம் அவள் மைதானத்துக்கு வரமாட்டாள். 'ஆர்வம் இல்லாத பொண்ணு' என்று நாமும் முடிவு கட்டிவிடுவோம்.

உண்மையில் குறை அவளிடம் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. நீங்கள் உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், அணிக்கு உதவ வரும் பெற்றோராகவோ முன்னாள் மாணவராகவோ இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் பந்து பலமுறை போய்ச் சேர என்ன செய்யலாம்? வாங்க, பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

15 பேரும் ஆளுக்கு 10 பந்து அடிக்க வேண்டும் என்றால் மொத்தம் 150 பந்து. ஒரு பந்தைப் போட்டு, அடித்து, எடுத்துவர 15 விநாடி ஆகிறது என்று வைத்தால் 37 நிமிடம் போய்விடும். அதில் ஒரு பிள்ளை பேட்டைப் பிடித்து நிற்பது வெறும் இரண்டரை நிமிடம்!

இதே 15 பேரை ஐந்து ஐந்து பேராக மூன்று குழுவாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு குழு மட்டும் 9 நிமிடம் அடிக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இரண்டு பேர் அடித்தால், அந்த 9 நிமிடத்திலேயே ஆளுக்கு 20 முறைக்குக் குறையாமல் பேட்டைச் சுழற்றிவிடலாம். நேரம் கால்வாசிதான், அடிப்பது இரண்டு மடங்கு.

ஏன் ஒரு மணி நேரம்?

திருச்சியில் ஜூன் மாதம் சுமார் 6.35 மணிக்குச் சூரியன் மறைகிறது. நவம்பரில் 5.50 மணிக்கே இருட்ட ஆரம்பித்துவிடுகிறது. பள்ளி விட்டு, உடை மாற்றி மைதானத்துக்கு வர 4.45 ஆகிவிடும். ஆகவே வருடம் முழுக்க உறுதியாகக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். கோடையில் கிடைக்கும் கூடுதல் நேரத்தை வைத்துத் திட்டம் போட்டால், ஐப்பசி கார்த்திகையில் அது உடைந்துவிடும்.

60 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்

முதல் 8 நிமிடம்: மைதானத்தைச் சுற்றி ஓடவிட வேண்டாம். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தி, பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். கிட்ட நின்று மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போக வேண்டும். உடம்பும் சூடாகும், அடிப்படைப் பயிற்சியும் முடியும்.

அடுத்த 27 நிமிடம்: மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் 9 நிமிடம். ஓரிடத்தில் பேட்டிங். இன்னோரிடத்தில் தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிவது. மூன்றாவது இடத்தில் பேஸ் ஓட்டம். பிட்சராகப் பழகுபவர்கள் இந்த நேரத்தில் சுவரோரம் பந்து வீசலாம். விசில் அடித்ததும் குழுக்கள் இடம் மாற வேண்டும்.

அடுத்த 20 நிமிடம்: சின்ன ஆட்டம். ஆனால் முழு ஆட்டம் வேண்டாம். 'முதல் பேஸில் ஒருத்தி நிற்கிறாள், ஒரு அவுட் ஆகிவிட்டது, இப்போ என்ன செய்வே?' என்று ஒரு சூழ்நிலையைக் கொடுத்து ஆடவிடுங்கள். அடிக்க வருபவருக்கு ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரைக், ஒரு பால் ஆகிவிட்டதாக வைத்துத் தொடங்கினால் ஆட்டம் வேகமாக நகரும்.

கடைசி 5 நிமிடம்: தண்ணீர், மெதுவான நடை, சாமான்களை எண்ணி எடுத்து வைப்பது. அன்றைய பயிற்சியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித்தர வேண்டாம்

வாரத்துக்கு இரண்டு நாள்தான் பயிற்சி என்றால், அந்த வாரத்துக்கு ஒரு பாடம் போதும். பள்ளி அளவில் பல ஓட்டங்கள் எதிரணியின் பலத்தால் போவதில்லை. பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டும், எறியக் கூடாத இடத்துக்கு எறிந்தும் நாமே கொடுத்துவிடுகிறோம். அதனால் முதல் சில வாரங்கள் எறிவதும் பிடிப்பதும். அடுத்து பேஸ் ஓட்டம். பிறகு பேட்டிங். தந்திரங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தெருவில் ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். அது ஒரு பெரிய வசதி, கூடவே சில பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வரும். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். சாஃப்ட்பாலில் பந்து எல்லைக் கோடுகளுக்குள் போனால் ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் பேட்டோடு ஓடுவார்கள். இங்கே பேட்டைக் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டும், வீசி எறியக் கூடாது. பந்து தரையில் பட்டு எழும்பாமல் நேராக வருவதால் பேட்டை இடுப்பு உயரத்தில் கிடைமட்டமாகச் சுழற்ற வேண்டும். இந்த மூன்றையும் முதல் வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டால், பின்னால் திருத்தும் நேரம் மிச்சம்.

அளவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் அணிக்கு 9 பேர், ஒரு ஆட்டத்துக்கு 7 இன்னிங்ஸ். பேஸுக்குப் பேஸ் 60 அடி. மகளிர் ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தூரத்திலிருந்து வீசுவார். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். புதிதாக வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தூரங்களைத் தாராளமாகக் குறைக்கலாம். பந்து போய்ச் சேராத தூரத்தில் நிற்கவைத்தால் தோள்பட்டைதான் வலிக்கும். 'கை வலிக்குது மிஸ்' என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கு அவளுக்கு எறிதல் முடிந்தது என்று அர்த்தம்.

சாமான் குறைவா? கவலை வேண்டாம்

ஒரு பிளாஸ்டிக் வாளியில் மணல் நிரப்பி, நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு பி.வி.சி. குழாயை நட்டு, அதன் தலையில் பழைய சைக்கிள் டியூப் துண்டை மாட்டினால், பந்தை வைத்து அடிக்கும் தாங்கி தயார். வேப்பமரக் கிளையில் கயிறு கட்டி, பழைய காலுறைக்குள் துணி அடைத்துத் தொங்கவிட்டால் இன்னோர் அடிக்கும் இடம். பேஸுக்குச் சாக்கை மடித்து விரிக்கலாம், அல்லது சுண்ணாம்பால் கட்டம் போடலாம். கையுறை இல்லாதவர்கள் டென்னிஸ் பந்தில் பழகட்டும்.

ஆனால் இரண்டு விஷயத்தில் சிக்கனம் கூடாது. அடிப்பவருக்கும் கேட்சருக்கும் ஹெல்மெட் வேண்டும். கேட்சருக்கு முகக் கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் நிஜப் பந்தில் ஆட்டம் வேண்டவே வேண்டாம். பேட் சுழலும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'அடிக்கிறவரைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது' என்று பழக்கப்படுத்துங்கள்.

உங்கள் செல்போன் ஒரு உதவிப் பயிற்சியாளர்

9 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துவிடுங்கள். நேரத்தைப் போன் பார்த்துக்கொள்ளும், நீங்கள் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

பிள்ளை பேட்டைச் சுழற்றுவதை ஸ்லோ மோஷனில் எடுத்து அவளிடமே காட்டுங்கள். பத்து முறை வாயால் சொல்வதை அந்த ஒரு வீடியோ புரியவைக்கும். காட்டியதும் அழித்துவிடுவது நல்லது. பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

மழைக் காலத்தில் பயிற்சிக்கு முன் 'டிஎன் அலர்ட்' செயலியில் வானிலையைப் பாருங்கள். இடி மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. நீங்கள் இருக்கும் பகுதிக்கு அருகே மின்னல் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். இடிச் சத்தம் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துப் போங்கள். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மீண்டும் மைதானம்.

இன்னொன்று: மைதானம் கிடைக்கவில்லை என்று காவிரி, கொள்ளிடம் மணலில் பயிற்சி வைக்க வேண்டாம். முக்கொம்பிலிருந்து தண்ணீர் திறக்கும்போது ஆற்றில் நீர்மட்டம் திடீரென்று உயரும்.

யாரை அணுகலாம்?

பள்ளி மைதானத்தை மாலையில் பயன்படுத்தத் தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெறுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரே இதைப் பேசலாம். ஹெல்மெட், கையுறை போன்றவற்றை வாங்கித்தர முன்னாள் மாணவர்கள் விரும்பினால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாக அரசுப் பள்ளிக்கு உதவலாம்.

திருச்சியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் காஜாமலை அண்ணா விளையாட்டரங்கில் இருக்கிறது. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரை அங்கே அணுகலாம். கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களில் எந்தெந்த விளையாட்டு இடம்பெறுகிறது, முதலமைச்சர் கோப்பைக்கு எப்போது இணையப் பதிவு என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் சாஃப்ட்பால் உண்டு. தேர்வு நாளன்று ஆவணத்துக்காக ஓடக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆதாரில் பிழை இருந்தால் ஆதார் சேவை மையத்தில் முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

அவசர மருத்துவ உதவிக்கு 108. குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பான எந்த உதவிக்கும் 1098. இரண்டையும் பெற்றோர் குழுவில் போட்டு வையுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமாக

சொன்ன நேரத்துக்குப் பயிற்சியை முடியுங்கள். '5.45க்கு முடியும்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால், 5.45க்கு விசில் அடிக்க வேண்டும். காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போக வேண்டிய பிள்ளை அந்த அணியில் இருக்கலாம். 'இன்னும் பத்தே நிமிஷம்' என்று நாம் இழுக்கும்போது, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அப்படி இரண்டு முறை நடந்தால் போதும், 'பத்தாவது வந்துட்டே, விளையாட்டெல்லாம் போதும்' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். நல்ல பிட்சர் ஒருத்தியை அணி இழப்பது பல நேரம் இப்படித்தான்.

வைகுண்ட ஏகாதசி போன்ற நாட்களில் ஸ்ரீரங்கத்தில் கூட்டமும் போக்குவரத்து மாற்றமும் இருக்கும். அந்த வாரப் பயிற்சியை முன்கூட்டியே மாற்றி அறிவித்துவிடுங்கள். வார நாட்களில் ஸ்ரீரங்கம் பிள்ளைகள் ஸ்ரீரங்கத்திலும் திருச்சி பிள்ளைகள் திருச்சியிலும் பழகட்டும். சேர்ந்து ஆடும் ஆட்டத்தை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பயிற்சி நாளில் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அவள் கைக்குப் பந்து எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். மூன்று குழுவாகப் பிரித்த பிறகு மறுபடியும் எண்ணுங்கள். அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே, உங்கள் பயிற்சி சரியான வழியில் போகிறதா என்று தெரிந்துவிடும்.