நோன்பும் தேகமும்

ரமலான் மாதத்தில், வைகறைக்கு முன் சஹர் உணவை முடித்துக்கொண்டு, மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரையில், நம் தமிழ்நாட்டில் சுமார் 13 முதல் 14 மணி நேரம், ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமலிருக்கும் நோன்பாளியின் தேகத்தில் நிகழும் மாறுதல்களை அறிந்துகொள்வது, அந்த விரதத்தின் புனிதத்தை எவ்விதத்திலும் குறைப்பதன்று.

பசித்த வேளையில்

உண்ட ஆகாரம் ஜீரணமான பிறகு, கல்லீரல் தன்னிடமுள்ள கிளைகோஜன் என்னும் சர்க்கரைக் கையிருப்பைச் சிறுகச் சிறுக இரத்தத்தில் விட்டு மூளையைப் போஷிக்கிறது; அது குறையக் குறைய, தேகம் தன் கொழுப்பைக் கரைத்துச் சக்தி பெறத் தலைப்படுகிறது. முதல் சில நாட்களின் பிற்பகல் தலைவலிக்குத் தண்ணீர்க் குறைவும், காலைத் தேநீர் நின்றுபோனதும் முக்கிய காரணங்கள்.

நோன்பு திறக்கையில்

பேரீச்சம்பழமும், அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் குழைய வெந்த பள்ளிவாசல் கஞ்சியும் வறண்ட வயிற்றுக்கு இதமானவை. ஆனால், அதே விரிப்பில் குவியும் சமோசாவும் வடையும் சர்பத்தும், பகலெல்லாம் தேகம் பெற்ற ஓய்வை அரை மணியில் பறித்துவிடுகின்றன.

நீரிழிவுள்ளவர்கள்

என் மனம் மிகவும் கவலைப்படுவது இவர்களைக் குறித்தே. 2001-ம் ஆண்டில், 13 நாடுகளைச் சேர்ந்த 12,000-க்கு மேற்பட்ட நீரிழிவுள்ள முஸ்லிம்களிடம் நடந்த ஆராய்ச்சியில், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோவது ரமலானில் பன்மடங்கு பெருகியது தெரியவந்தது. அஸர் தொழுகைக்கு வந்த பெரியவர் ஒருவர், கை நடுங்க, நெற்றியில் பொடிக்கும் வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, "பசிதான், ஒன்றுமில்லை" என்று சொல்வாராயின், அதை நம்பி வாளாவிருத்தலாகாது. சோதனையில் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை அக்கணமே முறித்துவிட வேண்டும். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. நோயாளிகளும் பிரயாணிகளும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று திருக்குர்ஆனே சலுகை அளித்திருக்க, தீராப் பிணியால் என்றுமே நோற்க இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரமும் இருக்க, வியாதியை மறைத்து நோற்பானேன்? இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சிறுநீரகக் கோளாறுள்ளவர்களும், கர்ப்பிணிகளும் ரமலானுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, நோற்பதாயின் எந்த மருந்தைச் சஹரில் எந்த அளவில் கொள்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.