மூத்தவர் இருக்க, தம்பிக்கு மாளிகை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஸ்லைகோ மாவட்டத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது லிசடெல் மாளிகை. 1830களில் சர் ராபர்ட் கோர்-பூத் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டியது. அவர் குடும்பத்துக்கு ஸ்லைகோவில் ஏறத்தாழ 32,000 ஏக்கர் நிலம் இருந்தது. உழுதவர்கள் குத்தகைக்காரர்கள்.

ராபர்ட்டின் மகன் சர் ஹென்றிக்கு மூத்த பிள்ளை கான்ஸ்டன்ஸ், 1868இல் பிறந்தவர். அடுத்து தம்பி ஜோஸ்லின், பிறகு தங்கை ஈவா. முதலில் பிறந்ததால் கான்ஸ்டன்ஸுக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை. பட்டம், நிலம், வீடு மூன்றும் மூத்த மகனுக்கு. பெண்களுக்கு வாய்த்தது ஓவியம், இசை, குதிரைச் சவாரி, உரிய வயதில் லண்டன் பயணம். 1887இல் விக்டோரியா மகாராணியின் முன் கான்ஸ்டன்ஸ் பணிந்து நின்றார். அதன்பின் விருந்துகளும் நடனங்களும். நாசூக்கான பெயர்கள் எத்தனை இருந்தாலும் அது வரன் தேடும் சந்தைதான்.

அந்தச் சந்தையில் அவர் அமையவில்லை. ஓவியம் படிக்கக் கிளம்பி, பாரிஸில் போலந்து ஓவியர் காசிமிர் மார்க்கியேவிச்சைச் சந்தித்து, 1900இல் மணந்தார். அதே ஆண்டு தந்தை இறந்தார். தம்பி சர் ஜோஸ்லின் ஆனார். மருமகன் காசிமிர் விட்டுச் சென்ற ஓவியங்களை இன்றும் லிசடெல்லின் சாப்பாட்டு அறையில் பார்க்கலாம். பட்லரையும் வேட்டைக் காவலரையும் சுவரில் ஆளுயரத்துக்குத் தீட்டியிருக்கிறார். வேலைக்காரர்களுக்கு அந்த அறையில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

ஈவா அதற்கு முன்பே மான்செஸ்டருக்குப் போய் ஆலைப் பெண்களிடையே வாக்குரிமைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். 1908இல் அங்கே இடைத்தேர்தல். மதுக்கடைகளில் பெண்கள் வேலை பார்ப்பதற்குக் கட்டுப்பாடு வரும் என்ற அச்சம் நிலவ, அந்தப் பெண்களுக்காக ஈவா களமிறங்கினார். நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியைத் தெருவில் ஓட்டிவந்து பிரசாரம் செய்தவர் அக்கா. சீமாட்டிகளின் பொழுதுபோக்காக லிசடெல்லில் கற்ற வித்தை அது. தோற்ற வேட்பாளர் வின்ஸ்டன் சர்ச்சில்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளினில் துப்பாக்கி ஏந்திய கான்ஸ்டன்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; பெண் என்பதால் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1918இல் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தபடியே தேர்தலில் வென்றார். பிரிட்டிஷ் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான். அயர்லாந்தின் விடுதலை கோரிய தம் கட்சியின் முடிவுப்படி அங்கே போய் உட்காரவில்லை. அடுத்த ஆண்டு அயர்லாந்தின் புரட்சி அரசில் தொழிலாளர் துறை அமைச்சரானார். அவருக்குப் பின் அயர்லாந்தின் அமைச்சரவையில் ஒரு பெண் இடம்பெற 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1927இல் டப்ளின் மருத்துவமனையொன்றின் பொது வார்டில், தானே கேட்டுப் பெற்ற இடத்தில், இறந்தார். கவிஞர் யேட்ஸ் அதே ஆண்டு சகோதரிகள் இருவர் மீதும் இரங்கற்பா எழுதினார். அரசியல் அவர்களின் அழகை வீணாக்கியதே என்ற வருத்தம் அதில் தெரிகிறது. எனக்கு அந்த வருத்தம் புரிவதில்லை. மாளிகையிலேயே இருந்திருந்தால் அவர்களை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இதற்குள் நிலமும் கைமாறியிருந்தது. 1903ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்கீழ் ஜோஸ்லின் பெரும்பகுதியைக் குத்தகைக்காரர்களுக்கே விற்றுவிட்டார். 1920களின் போர்க் காலத்தில் அயர்லாந்தின் பிரபு மாளிகைகள் பல எரிக்கப்பட்டன, லிசடெல் தப்பியது. 1944இல் ஜோஸ்லின் இறந்தார். வாரிசான மூத்த மகன் மனநலம் குன்றியவர். தம்பியர் இருவர் இரண்டாம் உலகப் போரில் மாண்டார்கள். சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. பண்ணையையும் வீட்டையும் இழுத்துப் பிடித்தவர் மகள் கேப்ரியல். அதிகாரிகளோடு ஓயாத வழக்கு. அவருக்குப் பிறகும் சகோதரி எய்டீன் அங்கேயே இருந்து, பார்க்க வந்தவர்களுக்கு அறைகளைச் சுற்றிக் காட்டினார். அத்தைமார் வெளியேறிப் புகழ் பெற்றார்கள். தங்கி உழைத்த இவர்களின் பெயர் வெளியே தெரியவில்லை.

2003இல் குடும்பம் மாளிகையை விற்றது. வாங்கியவர்கள் எட்வர்ட் வால்ஷ், கான்ஸ்டன்ஸ் கேசிடி என்ற வழக்கறிஞர் தம்பதி. தற்செயலாக அதே பெயர் கொண்ட ஒரு பெண், பிறப்பால் அல்லாமல் தொழிலில் சம்பாதித்து, இன்று அதன் உரிமையாளர்களில் ஒருவர். வளாகப் பாதைகளில் பொதுமக்களுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013இல் பெரும்பாலும் அந்தத் தம்பதிக்குச் சாதகமாக முடிந்தது.

பட்டம் விற்பனையில் சேரவில்லை. அது இன்றும் ஆண் வழியில் மட்டுமே இறங்குகிறது. அரியணை வாரிசுரிமையில் ஆணுக்கிருந்த முன்னுரிமையை 2013இல் நீக்கிய பிரிட்டிஷ் சட்டம், இத்தகைய குடும்பப் பட்டங்களைத் தொடவில்லை.